பறித்த கைபேசி யார் பொறுப்பு?

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் ஒரு திரை ஒளிர்வதை ஆசிரியர் பார்த்துவிட்டால், அடுத்து நடப்பது யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பாடம் நிற்கும். ஆசிரியர் கையை நீட்டுவார். மாணவன் கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் மறுத்து, கடைசியில் கொடுப்பான். இதுவரைக்கும் இரு நாடுகளின் விதிகளும் ஆசிரியருக்குத் துணை நிற்கின்றன. சிக்கல் அடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. வாங்கிய கைபேசியை எங்கே வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது, தொலைந்தால் யார் ஈடு கட்டுவது, உள்ளே இருப்பதைப் பார்க்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு இரு நாட்டு ஆசிரியர்களும் பெரும்பாலும் தம் பள்ளி வழக்கத்தையும் தம் சொந்தத் துணிச்சலையும் நம்பியே விடை காண்கிறார்கள். கைபேசித் தடை வேண்டுமா வேண்டாமா என்று நடக்கும் விவாதம் இந்த இடத்தைத் தொடுவது அரிது. இலங்கையையும் இந்தியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தடை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, தடையை நடத்தும் முறை எழுத்தில் இருக்கிறதா என்பதே வகுப்பில் ஆசிரியரின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும்.

இலங்கையில் விதி மேலிருந்து கீழே ஒரே கோட்டில் வருகிறது. ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் சில நூறு தேசிய பாடசாலைகள் மட்டுமே கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ளன. ஏனையவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாணங்களுக்கு உரியவை. ஆனாலும் மாணவர் ஒழுக்கம் என்று வந்தால் அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கைதான் எல்லோருக்கும் பொது. மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்விப் பணிமனை, கோட்டம் என்று இறங்கி அது அதிபரின் மேசைக்கு வந்து சேரும். பாடசாலைக்குள்ளும் ஓர் அடுக்கு இருக்கிறது: மாணவத் தலைவர்கள், பகுதித் தலைவர், ஒழுக்காற்றுக் குழு, உப அதிபர், அதிபர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வகுப்புத் தலைவன் உண்டு. ஆனால் மாணவத் தலைவர்களுக்கு இலங்கைப் பாடசாலை தரும் அதிகாரமும் அந்தஸ்தும் அவனுக்கு இல்லை. இந்த அடுக்கினால் இலங்கை ஆசிரியருக்கு ஒரு நன்மை. வகுப்பில் வாங்கிய கைத்தொலைபேசி அவர் கையில் நெடுநேரம் தங்குவதில்லை. மேலே போய்விடுகிறது, பெற்றோரை அழைப்பது அதிபரின் வேலையாகிறது. குறையும் அங்கேயே இருக்கிறது. பெற்றோர் வந்ததும் அன்றே கொடுத்துவிடும் பாடசாலையும் உண்டு, தவணை முடியும்வரை வைத்திருக்கும் பாடசாலையும் உண்டு. எது முறை என்பதை அந்தந்த அதிபரின் சுபாவமே முடிவுசெய்கிறது. அதிபர் மாறினால் வழக்கமும் மாறும்.

இந்தியாவில் ஒரே கோடு கிடையாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, 2009 ஜூலையிலேயே தன் பள்ளிகளில் கைபேசியைக் கட்டுப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் தில்லி அரசின் கல்வித் துறை, வகுப்பறைக்குள் கைபேசி கூடாது என்றும், கொண்டுவந்தால் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அதே மாதத்தில் ஆந்திரப் பிரதேசம் மாணவருக்குத் தடை விதித்ததோடு, ஆசிரியர்களும் வகுப்புக்குப் போகுமுன் தம் கைபேசியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, மாணவர் கொண்டுவரும் செல்போன் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று 2022இல் அறிவித்தார். பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்க வழி காண அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையிலும், வளாகத்தில் மாணவர் செல்போன் பயன்பாட்டைத் தடுக்கும் பரிந்துரை இடம்பெற்றது. வாரியம், மாநிலம், துறை, அமைச்சர் எனப் பல வாய்கள் பேசுவதால் ஒரே தெருவில் உள்ள அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் சிபிஎஸ்இ பள்ளிக்கும் மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. கட்டணம் வாங்கும் பள்ளியில் பெற்றோரின் ஒரு தொலைபேசி அழைப்பே ஆசிரியரின் முடிவை மாற்றிவிடக்கூடும். அரசுப் பள்ளியிலோ பெற்றோரை வரவழைப்பதே பாடு. அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர்கள் வர வேண்டும்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் நடுவில் இரு நாட்டு ஆசிரியரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரம்பை இரு நாடுகளும் விதிப்படி அகற்றிவிட்டன. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இலங்கைக் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனை கூடாது என்கிறது. மாணவனை அறைந்து செவிக்குக் கேடு விளைத்த ஒரு வழக்கில், அந்நாட்டின் இறுதி நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, ஆசிரியரும் அரசும் இழப்பீடு தர உத்தரவிட்டது. இவை வர வேண்டிய மாற்றங்கள். வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரம்பின் இடத்தில் வேறொன்றை இரு அரசுகளும் முறையாக வைக்கவில்லை. ஆலோசனை ஆசிரியர் பல பள்ளிகளில் பெயருக்குத்தான் இருக்கிறார். ஆகவே பொருளைப் பறிப்பது ஆசிரியருக்கு மிஞ்சிய ஒரே உடனடித் தண்டனை ஆகிவிட்டது. பந்து, பட்டம் முதலியவற்றைப் பறித்த காலத்தில் அதில் பெரிய வில்லங்கம் இல்லை. கைபேசி அப்படிப்பட்ட பொருள் அன்று. அதன் விலை பல குடும்பங்களில் ஒரு மாத வருமானத்தைத் தொடும். பெரும்பாலும் அது பெற்றோருடையது. அதற்குள் குடும்பப் படங்களும் வங்கிச் செயலிகளும் பிள்ளையின் அந்தரங்கமும் இருக்கின்றன.

எழுதிவைத்த முறை இல்லாத இடத்தில் பறித்தல் எப்படித் தடம் மாறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2019இல் கர்நாடகத்தின் சிர்சியில், கல்லூரி முதல்வர் ஒருவர் மாணவர்கள் முன்னிலையில் அவர்களின் கைபேசிகளைச் சுத்தியலால் உடைத்த காணொளி நாடெங்கும் பரவியது. 2025 ஜனவரியில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பறித்த கைபேசியைக் கேட்டு முதல்வரின் அறைக்குள் வந்த பதினோராம் வகுப்பு மாணவன் அவரை மிரட்டிய காணொளியும் அப்படியே பரவியது. ஒன்றில் ஆசிரியர் எல்லை மீறினார், மற்றொன்றில் மாணவன். இரண்டிலும் பறித்தல் அதிகாரப் போட்டியாயிற்று, போட்டி காணொளியாயிற்று. திருப்பித் தரப்படாது என்ற தமிழ்நாட்டு அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். கடுமையில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பெற்றோரின் உடைமையைப் பள்ளி எந்தச் சட்டப்படி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் என்ற கேள்விக்கு வகுப்பாசிரியரிடம் பதில் இருக்காது. தந்தை வந்து நிற்கும்போது தலைமை ஆசிரியர் கொடுத்துத்தான் விடுவார்; அதைப் பார்க்கும் மாணவனின் கண்ணில் ஆசிரியரின் சொல் விலை இழக்கும். நிறைவேற்ற முடியாத கடுமை ஆசிரியரைப் பலவீனப்படுத்துகிறது. இலங்கையில் தவணை முடியும்வரை வைத்திருக்கும் வழக்கத்துக்கும் இதே கதிதான்: செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையின் தொலைபேசி சீக்கிரம் திரும்பிவிடும், மற்றவனுடையது அலுமாரியில் கிடக்கும்.

அரசுகளின் முரண்பாடு இதைவிடப் பெரியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இரு அரசுகளும் கைபேசியையே வகுப்பறையாக்கின. தமிழ்நாடு கல்வித் தொலைக்காட்சியையும் இலங்கை தொலைக்காட்சிப் பாடங்களையும் நம்பியது உண்மை. ஆனால் வீட்டுப்பாடமும் வருகையும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடந்தன. இலங்கையின் பிபிலைப் பக்கத்து மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய படங்கள் 2021இல் உலகச் செய்தியாயின. அதே ஆண்டு ஜூலையில் இலங்கை ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, அக்டோபர்வரை அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்தன. சொந்தத் தொலைபேசியிலும் சொந்தச் செலவில் வாங்கிய டேட்டாவிலும் அரசுப் பணி செய்துகொண்டிருந்தவர்களின் போராட்டம் அது. தமிழ்நாட்டில் இன்று மாணவர் வருகையைப் பதிவதும், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைச் செய்வதும் ஆசிரியரின் கைபேசிச் செயலியில்தான். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலை கற்பித்தல் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் தீராத முறையீடு. இலங்கையில் வலயத்திலிருந்து வரும் அவசரத் தகவலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. மாலையில் மாணவன் போகும் ரியூஷன் வகுப்பின் குறிப்புகளும் சூம் இணைப்பும் அதிலேதான். பகலில் குற்றமாக இருக்கும் கருவி மாலையில் கடமையாகிறது. ஆசிரியர் கையில் கைபேசியோடு நின்றுகொண்டு மாணவனிடம் அதைக் கொடு என்று கேட்க வேண்டிய நிலையை ஏற்படுத்தியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

இந்த நிலையில் தடையே வீண் என்று முடிவுகட்டலாமா? சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. கல்வி நிலையை ஆராயும் அசர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு ஊரக அறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காட்டினர், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர். இந்தக் கருவி பையில் இருந்தால் கவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. 2025இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். இந்தியாவின் 10 உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 17,000 மாணவரைக் கொண்டு நடத்தப்பட்ட அந்தப் பரிசோதனையில், வகுப்பு தொடங்கும்போதே கைபேசிகள் வாங்கிவைக்கப்பட்ட இடங்களில் மதிப்பெண் சிறிதளவு உயர்ந்தது. பின்தங்கிய மாணவருக்கும் முதலாண்டு மாணவருக்கும் பயன் கூடுதல். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மாணவரே அதை முன்னைவிட ஆதரிக்கவும் செய்தனர். இங்கிலாந்தின் 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வும் தடையின் பயன் பின்தங்கிய மாணவருக்கே போய்ச் சேர்வதாகக் கண்டது. மறுபுறம், பள்ளியில் மட்டும் கட்டுப்படுத்துவதால் மாணவரின் மனநலம் மேம்படுவதாகத் தெரியவில்லை என்று 2025இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினர். ஆக, தடையிடம் பெரிய அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைக்கு அது கொஞ்சம் உதவும். அந்த இந்திய ஆய்வில் பயன் தந்தது எல்லோரிடமும் ஒரே நேரத்தில் முறையாக வாங்கிவைத்தல். ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துப் பறிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எழுத்தில் வைப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியா ஒரு முன்மாதிரியைத் தந்திருக்கிறது. கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி 2025 பிப்ரவரி இறுதியில் சில வழிகாட்டுதல்களை வகுத்தார். முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஒத்துவருவதும் அன்று. இயலும் இடங்களில் பள்ளிக்குள் நுழையும்போது கைபேசியை ஒப்படைத்து, வீடு திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது, பள்ளியின் பொது இடங்களிலும் வாகனங்களிலும் படமெடுக்கக் கூடாது. விதிகளைப் பெற்றோர், ஆசிரியரோடு கலந்து வகுக்க வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்பது தெளிவாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும், பறித்துவைப்பது அதில் ஒன்றாக இருக்கலாம். அதற்கு முன்பே, 2023இன் தொடக்கத்தில், கேரளத்தின் குழந்தை உரிமை ஆணையம் பறித்த கைபேசி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டு, பிள்ளைகளின் மரியாதை கெடும்படி உடலையும் பையையும் சோதனையிடக் கூடாது என்றும் சொன்னது. இந்த ஆவணங்களில் ஆசிரியருக்குக் கிடைப்பது காரணத்தோடு எழுதப்பட்ட ஓர் ஏற்பாடு. பெற்றோரின் முன்னால் வைத்துப் பேசக்கூடிய தாள். ஆனால் தில்லியின் வழிகாட்டுதல் சென்னையையோ திருநெல்வேலியையோ கட்டுப்படுத்தாது. பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் பள்ளியின் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது. இலங்கையிலோ இந்த விவகாரம் பெரும்பாலும் அதிபரின் அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஒரு பாடசாலை கற்ற பாடம் அடுத்த பாடசாலைக்குப் போவதில்லை.

வாசலில் ஒப்படைப்பதற்கு எதிராக முதலில் வருவது பாதுகாப்பைப் பற்றிய கேள்வி. பேருந்து வராவிட்டால், மகள் ரியூஷன் முடிந்து இருட்டில் வர வேண்டியிருந்தால், தொடர்புகொள்ள வழி வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொண்டுவரவே கூடாது என்ற விதிதான் அதற்கு விடை சொல்ல முடியாமல் தவிக்கிறது. அந்த விதியின் கீழ் அக்கறையுள்ள பெற்றோரும் பிள்ளையின் கள்ளத்தனத்துக்கு உடந்தையாகிறார்கள். வாசலில் ஒப்படைக்கும் முறையில் சாலையில் கைபேசி பிள்ளையிடம் இருக்கும், வகுப்பில் இருக்காது. இலங்கைக்கு வாசல் சோதனை புதிதுமல்ல. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் மே மாதத்தில் பாடசாலைகள் திறந்தபோது, காவல்துறையினரோடு பெற்றோரும் நின்று பைகளைச் சோதித்தார்கள். பல நூறு பிள்ளைகளின் பைகளைத் தினமும் பார்க்க முடிந்த சமூகத்துக்குச் சில பத்துக் கைபேசிகளை வாங்கிவைப்பது ஆகாத காரியமல்ல. பை சோதனை ஐயத்தில் பிறந்தது. ஒப்படைப்பு பிள்ளை தானே வந்து கொடுப்பது. ஆகவே கேரள ஆணையம் சுட்டிய மரியாதைக் குறைவும் இதில் இல்லை.

இரண்டாவது மறுப்பு கல்வியைப் பற்றியது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. இலங்கையில் ஈ-தக்சலாவ இணையத்தில் பாடங்கள் கிடைக்கின்றன. அப்படியிருக்க, கருவியை வாசலிலேயே வாங்கிவிட்டால் எப்படி என்கிறார்கள். இந்த வளங்கள் நல்லவை. ஆனால் அவற்றை வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் தன் சொந்தக் கருவியில் திறக்க வேண்டும் என்றால், நல்ல கைபேசி உள்ளவன், மங்கிய திரை உள்ளவன், ஒன்றுமில்லாதவன் என்று வகுப்பு மூன்றாகப் பிரியும். அசர் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 14 முதல் 18 வயதுவரை ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தக் கருவி வைத்திருந்தவர்கள் ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காடு என்றது. சொந்தக் கைபேசியை நம்பும் வகுப்பறை பெண்பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளும் வகுப்பறையாகிவிடும். பள்ளியின் திரையிலோ பள்ளியின் கணினியிலோ காட்டுவதே எல்லோருக்கும் பொது. ஆசிரியர் திட்டமிட்டு ஒரு பாடவேளைக்குக் கைபேசி வேண்டும் என்று கேட்டால், ஒப்படைத்தவற்றை எடுத்துக்கொடுத்து மீண்டும் வாங்கிவைப்பதற்கும் இந்த முறையில் இடமுண்டு.

மூன்றாவது மறுப்பு ஆசிரியர்களிடமிருந்தே வரும்: இருக்கிற வேலை போதாதென்று கைபேசிக் காவலும் எங்கள் தலையிலா? இதுதான் கனமான மறுப்பு, ஏனென்றால் உண்மை. பதிவேடும் பூட்டும் இல்லாமல், தொலைந்தால் ஆசிரியர் தம் கையிலிருந்து தர வேண்டும் என்ற அச்சத்தோடு இந்த முறையைச் சுமத்தினால், அது பழைய நிலையைவிட மோசமாகும். ஆகவே பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கும் வரி விதியில் இருக்க வேண்டும். வாங்கி அடுக்கும் வேலையை இலங்கையில் மாணவத் தலைவர்கள் செய்ய முடியும். அந்த அமைப்பு ஏற்கனவே வாசலில் நின்று சீருடையையும் தாமதத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழு, பூட்டுள்ள அலமாரிக்கும் வகுப்புவாரிப் பைகளுக்கும் ஏற்பாடு செய்யலாம். இதோடு ஆசிரியரின் கைபேசி பற்றியும் பேச வேண்டும். ஆந்திரம்போல் எல்லா ஆசிரியரும் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நடவாது. வருகைப் பதிவே அதில் இருக்கிறது. ஆனால் பாடவேளைக்குள் துறையோ வலயமோ தகவல் கேட்கக் கூடாது என்று அரசு தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொள்ளலாம். அதைச் செய்யாமல் மாணவனுக்கு மட்டும் விதி போட்டால், ஆசிரியரைப் பார்த்தே அவன் விலக்கைக் கற்றுக்கொள்வான்.

இரு நாடுகளும் ஒன்றிடம் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியவை தனித்தனி. இலங்கையிடம் ஒரே சுற்றறிக்கையை எல்லாப் பாடசாலைக்கும் கொண்டுசேர்க்கும் பாதையும், பொருளை ஆசிரியர் கையிலிருந்து மேலே எடுத்துச்செல்லும் அடுக்கும் இருக்கின்றன. காரணத்தோடு எழுதிய முறை வேண்டும். இந்தியாவிடம் காரணத்தோடு எழுதிய முறை ஓரிரு இடங்களில் இருக்கிறது. அதை எல்லா வகைப் பள்ளிக்கும் பொதுவாக்கும் அரசாணை வேண்டும். இரண்டுக்கும் தேவையான விதி ஒரு பக்கத்தைத் தாண்டாது. காலையில் ஒப்படைப்பு, மாலையில் மீட்பு. ஒப்படைக்காமல் வகுப்பில் பிடிபட்டால் அன்றே அலுவலகத்துக்கு, பதிவேட்டில் கையெழுத்தோடு. முதல் முறை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தல், அடுத்த முறை பெற்றோரிடம், அதற்கு மேல் எத்தனை நாள் என்பது முன்கூட்டி அறிவிக்கப்பட்டதாக இருத்தல். உள்ளே இருப்பதை எந்த ஆசிரியரும் பார்க்கக் கூடாது. குற்றம் நடந்ததாக ஐயமிருந்தால் பெற்றோரும் உரிய அதிகாரியும் வரும்வரை அணைத்துவைக்க வேண்டும். பள்ளியின் பொறுப்பில் இருக்கும்போது நேரும் இழப்பைப் பள்ளி ஏற்க வேண்டும். இவை எழுத்தில் வந்துவிட்டால் கைபேசி வாங்கும் ஆசிரியர் தம் கோபத்தின் பேரில் வாங்குவதாக மாணவனுக்குத் தோன்றாது. விதியின் பேரில் வாங்குகிறார் என்று தெரியும். அதற்கு அப்புறம்தான் தடை கடுமையா மென்மையா என்ற விவாதத்துக்கே பொருள் உண்டு.